கேப்டன் முல்லாவும் ஐ.என்.எஸ். குக்ரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் 4 இந்தியக் கடற்படை தினம். 1971 போரில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய இரவின் நினைவாக அதைக் கொண்டாடுகிறோம். அதற்கு ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, அதே அரபிக்கடலில் நம்முடைய போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி, பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கியது. 194 பேர் போனார்கள். அந்தக் கப்பலின் தலைவர் மகேந்திர நாத் முல்லா. "கப்பலோடு மூழ்கிய கேப்டன்" என்ற ஒற்றை வரியில்தான் அவரைப் பெரும்பாலும் சொல்லி முடிக்கிறார்கள். மூழ்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில் அவர் செய்த வேலைதான் பெரிது என்பது என் எண்ணம். என்.சி.சி. மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முல்லா எந்த ஊர்க்காரர்? எப்படிக் கடற்படைக்கு வந்தார்?

1926 மே 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்தார். காஷ்மீரிப் பண்டிட் வம்சம். சட்டத் துறையில் பேர் பெற்ற குடும்பம். கடலே இல்லாத ஊரில், வக்கீல் தொழில் பழகிய வீட்டில் பிறந்த பையன், நாடு விடுதலை அடைவதற்கு முன்பே, 1946 ஜனவரியில், அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1948 மே மாதம் அதிகாரியானார். சுதந்திர இந்தியாவின் கடற்படை வளர வளர அதோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறை அவருடையது.

போருக்கு முன்னால் என்னென்ன பொறுப்புகளில் இருந்தார்?

கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பலில் மூன்று ஆண்டுகள். ஐ.என்.எஸ். கிருஷ்ணாவில் கேப்டனுக்கு அடுத்த இடமான நிர்வாக அதிகாரி. ஐ.என்.எஸ். ராணா என்ற நாசகாரிக் கப்பலின் தலைவர். 1960-களில் லண்டனில் இந்தியத் தூதரகத்தில் கடற்படைத் துணை ஆலோசகர். பம்பாயில் ஐ.என்.எஸ். ஆங்கரே என்ற கரைத் தளத்தின் பொறுப்பு. 1971 பிப்ரவரியில் குக்ரியின் தலைமை.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடும்பத்தின் சட்ட ஞானம் அவரிடமும் இருந்தது. கடற்படைக்குள் ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட அடிக்கடி அவரைக் கூப்பிடுவார்கள். வக்கீல் அங்கி போடாத வக்கீல் என்று சொல்லலாம். கீழே இருப்பவனுக்காக மேலே இருப்பவர்களிடம் பேசிப் பழகிய மனிதர். டிசம்பர் 9 இரவு அவர் நடந்துகொண்ட விதத்தைப் படிக்கும்போது இந்தப் பழக்கம் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அவர் "கேப்டன்" என்றால் இளநிலை அதிகாரியா?

இல்லை. தரைப்படையில் கேப்டன் என்பது தொடக்க நிலைப் பதவி. கடற்படையில் கேப்டன், தரைப்படையின் கர்னலுக்குச் சமம். முல்லா ஒரு கப்பலுக்கு மட்டும் தலைவர் இல்லை. 14-வது ஃபிரிகேட் (நாசகாரியைவிடச் சிறிய போர்க்கப்பல்) அணி முழுவதற்கும் அவர்தான் மூத்த அதிகாரி. குக்ரி, கிர்பான், குத்தார் ஆகிய மூன்று கப்பல்கள் கொண்ட அணி அது.

குக்ரி எப்படிப்பட்ட கப்பல்?

பிரிட்டனின் ஐல் ஆஃப் வைட் தீவில், கௌஸ் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, 1958-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. பிளாக்வுட் ரகம் என்பார்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே வடிவமைத்த சிறிய ஃபிரிகேட். முழுச் சுமையோடு சுமார் 1,450 டன். விமானத்தைச் சுட மூன்று போஃபர்ஸ் பீரங்கிகள். நீர்மூழ்கியைத் தாக்க, கடலுக்குள் வெடிகுண்டுகளை வீசும் லிம்போ மோர்ட்டார்கள். கடலுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க சோனார். அதாவது, ஒலி அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து இடம் காணும் கருவி.

1950-களின் நீர்மூழ்கிகளை மனதில் வைத்துக் கட்டிய கப்பல் இது. 1971-ல் எதிரே வந்தது வேறு ரகம்.

எதிரே வந்தது எது?

பி.என்.எஸ். ஹங்கோர். பிரான்ஸ் தயாரித்த டாஃப்னே ரக நீர்மூழ்கி. 1969 டிசம்பரில்தான் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்தது. தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம். நவம்பர் 22-ல் கராச்சியிலிருந்து புறப்பட்டு பம்பாய், சௌராஷ்டிரக் கடற்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தது. டாஃப்னே ரகத்துக்குச் சத்தம் குறைவு, காது கூர்மை. பல மைல் தொலைவில் வரும் கப்பலின் சத்தத்தைத் தண்ணீருக்கு அடியில் இருந்தபடியே கேட்டுவிடும். நம் ஃபிரிகேட்டின் சோனார் எட்டும் தூரம் அதில் சின்னப் பங்குதான்.

டிசம்பர் 2-3 நள்ளிரவில், பம்பாயிலிருந்து வெளியேறிய நம் மேற்குக் கடற்படை அணியை ஹங்கோர் மிக அருகில் பார்த்தது. அப்போது போர் முறைப்படி தொடங்கவில்லை, தாக்க உத்தரவும் வரவில்லை. அதனால் விட்டுவிட்டது. கொஞ்சம் முன்பின் ஆகியிருந்தால் போரின் முதல் செய்தியே வேறாக இருந்திருக்கும்.

அந்த நீர்மூழ்கி அங்கே இருப்பது நம்மவர்களுக்குத் தெரியுமா?

தெரியும். ஹங்கோர் அனுப்பிய ரேடியோ செய்திகளை இடைமறித்து, அது குஜராத் கரையை ஒட்டிய டையூ தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ எங்கே இருக்கிறது என்று கணித்தார்கள். அதைத் தேடி அழிக்கும் பொறுப்பு 14-வது அணிக்கு வந்தது. மூன்று கப்பல் போயிருக்க வேண்டும். குத்தாரின் கொதிகலன் அறையில் ஏற்கெனவே வெடிப்பு நேர்ந்து, அதை இழுத்துவந்து பம்பாயில் விட்டிருந்தார்கள். எனவே டிசம்பர் 8-ல் குக்ரியும் கிர்பானும் மட்டும் புறப்பட்டன.

டிசம்பர் 9 இரவு என்ன நடந்தது?

அன்று காலையிலேயே ஹங்கோர் இரண்டு கப்பல்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டது. பகல் முழுக்கப் பின்தொடர்ந்தது. ஃபிரிகேட்டுகள் குறிப்பிட்ட வடிவில் திரும்பித் திரும்பித் தேடிக்கொண்டிருந்தன. அந்தப் போக்கைப் புரிந்துகொண்ட தஸ்னீம், அவை வரப்போகும் பாதையில் போய்க் காத்திருந்தார். மாலை ஏழு மணிக்கு மேல் தாக்கும் தொலைவுக்குள் வந்தன. ஹங்கோர் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது.

முதல் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு, கிர்பானை நோக்கி வந்தது. கப்பலுக்கு அடியில் புகுந்து வெடிக்காமல் போய்விட்டது. இரண்டாவது, குக்ரி மீது. நம் நேரப்படி இரவு 8.45 வாக்கில் அது குக்ரியின் அடிவயிற்றில் வெடித்தது.

சாப்பாட்டு நேரம். வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் என்று பிழைத்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பலர் கீழ்த்தளங்களில் இருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருட்டில், சாயும் தளத்தில், குறுகலான ஏணிகள் வழியாக மேலே ஏறி வந்தால்தான் உயிர். கப்பல் மூழ்க இரண்டே நிமிடம்தான் ஆனது என்று ஹங்கோர் தரப்பில் சொல்கிறார்கள், நம்மவர்கள் சில நிமிடங்கள் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் படகு இறக்கவோ, ஆள் கணக்கு எடுக்கவோ போதிய அவகாசம் இல்லை.

அந்த நேரத்தில் முல்லா என்ன செய்தார்?

கப்பலைக் காப்பாற்ற முடியாது என்று உடனே முடிவெடுத்தார். எல்லோரும் கப்பலை விட்டு வெளியேறும்படி உத்தரவு கொடுத்தார். இது சொல்வதற்குச் சுலபம். தன் கப்பலைக் கைவிடும் உத்தரவைத் தள்ளிப்போட எந்தத் தலைவருக்கும் மனம் அடித்துக்கொள்ளும். அங்கே தள்ளிப்போட்ட ஒவ்வொரு வினாடிக்கும் யாரோ ஒருவர் கீழே மாட்டியிருப்பார். அவர் தாமதிக்கவில்லை.

அப்புறம் மேல்தளத்தில் நின்று ஆட்களை வெளியேற்றும் வேலையை நேரடியாகப் பார்த்துக்கொண்டார். பதற்றம் இல்லாமல், முறையாக என்று விருதுச் சான்றுரை சொல்கிறது. தயங்கி நின்றவர்களை அவரே தண்ணீரில் தள்ளிவிட்டார் என்று அப்படிப் பிழைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். தன்னுடைய லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். இதுவும் சான்றுரையில் பதிவாகியிருக்கிறது. முடிந்தவரை ஆட்களைக் கடலில் இறக்கிய பிறகு, இன்னும் யாரையாவது மீட்க வழி உண்டா என்று பார்க்கத் திரும்ப பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை இயக்கும் மேல்மட்ட அறைக்குப் போனார். கப்பலோடு அவர் இறங்குவதைத் தண்ணீரில் மிதந்தவர்கள் பார்த்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடியே மூழ்கினார் என்கிறார்களே?

பிரிட்ஜில் தன் நாற்காலியில், கம்பியைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைக் கடலிலிருந்து பார்த்ததாக, பிழைத்த அதிகாரி ஒருவர் சொல்லியிருக்கிறார். சிகரெட்டும் சேர்த்துப் பல இடங்களில் எழுதுகிறார்கள். சான்றுரையில் அது கிடையாது.

ஓவியம் வரைய ஏற்ற காட்சிதான். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், சாவைத் தேடி உட்கார்ந்தவர் போல ஆகிவிடுகிறது. லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தவர், ஆட்களைத் தள்ளி இறக்கியவர், மீட்க வழி தேடி மேலே ஏறியவர் வேலையில் இருந்த மனிதர். அந்த வேலை முடிவதற்குள் கடல் வந்துவிட்டது. நம் பாடப் புத்தகங்களில் இந்தப் பகுதி விரிவாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேப்டன் கப்பலோடு மூழ்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

கிடையாது. தலைவர் கடைசி ஆளாக வெளியேற வேண்டும் என்பதுதான் மரபு. எல்லோரும் போய்விட்டால் அவரும் போகலாம். குக்ரியில் எல்லோரும் போகவில்லை. கீழ்த்தளங்களில் ஆட்கள் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். கடைசி ஆள் என்ற இடம் அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்?

18 அதிகாரிகள், 176 மாலுமிகள். மொத்தம் 194 பேர். உயிர் தப்பியவர்கள் 6 அதிகாரிகளும் 61 மாலுமிகளும். இரவு முழுக்க எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தத்தளித்த அவர்களை மறுநாள் காலைதான் மீட்க முடிந்தது. சுதந்திர இந்தியா போரில் பறிகொடுத்த ஒரே போர்க்கப்பல் குக்ரி.

கிர்பான் ஏன் உடனே காப்பாற்றவில்லை?

இது மனதை அறுக்கும் கேள்வி. குக்ரி மூழ்கிய பிறகு ஹங்கோர் மூன்றாவது டார்பிடோவை கிர்பான் மீது ஏவியது. கிர்பான் திரும்பி வேகமெடுத்துத் தப்பியது. அதே இடத்தில் நின்று ஆட்களை ஏற்றியிருந்தால் அசையாத இலக்காகியிருக்கும், இன்னொரு கப்பல் நிறைய ஆட்கள் போயிருப்பார்கள். போர்க்காலத்தில் நீர்மூழ்கி அருகே இருக்கும்போது கப்பலை நிறுத்தக் கூடாது என்பது கப்பல் தலைவர்கள் கசப்போடு கற்ற பாடம். மறுநாள் காலை ஐ.என்.எஸ். கட்சல் துணையோடு கிர்பான் திரும்பி வந்து பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டது. தண்ணீரில் கிடந்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்த விளக்கம் எவ்வளவு தூரம் ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

இழப்பைத் தவிர்த்திருக்க முடியாதா?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே விவாதிக்கும் விஷயம் இது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, வேகம். குக்ரி அப்போது சுமார் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. சோனார் எட்டும் தூரத்தைக் கூட்ட, லெஃப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய கருவி ஒன்றைக் கப்பலில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடினால் கப்பலின் சொந்த இரைச்சல் சோனாரைக் கெடுக்கும், அதனால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. மெதுவாகப் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிதான இலக்கு. ஜெயினும் அன்று இரவு இறந்துபோனார். எதிரியை இன்னும் தள்ளியே கண்டுபிடிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அந்தக் கருவியின் மேல் மட்டும் பழி போடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது, இன்னும் அடிப்படையான காரணம். பழைய சோனார் கொண்ட இரண்டு கப்பல்களை நவீன நீர்மூழ்கிக்கு எதிரே அனுப்பியது. எதிரி நம்மைக் காலையில் கேட்கிறான், நாம் அவனை இரவு வரை கேட்கவில்லை. அந்த ஏற்றத்தாழ்வை எந்தத் தலைவனின் துணிச்சலும் ஈடுகட்டாது. அரபிக்கடலில் மேல் நீருக்கும் அடி நீருக்கும் வெப்பநிலை மாறுவதால் ஒலி வளைந்து போகும், நீர்மூழ்கி அந்த அடுக்குக்குக் கீழே ஒளிந்துகொள்ள முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அணியின் மூத்த அதிகாரி என்ற முறையில் முல்லாவின் முடிவுகளையும் கேள்வி கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். அதனால் அவருடைய தியாகம் குறைந்துவிடாது. தியாகம் செய்தார் என்பதற்காகக் கேள்விகளை மூடி வைப்பதும் அடுத்த தலைமுறை மாலுமிகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஹங்கோர் என்ன ஆனது?

தப்பிவிட்டது. நம் கடற்படை நான்கு நாட்களுக்கு மேல் கப்பல்களும் விமானங்களும் கொண்டு விடாமல் தேடியது. அந்தத் தேடலின்போது டிசம்பர் 10-ல் நீர்மூழ்கி தேடும் நம் அலிஸே ரக விமானம் ஒன்றை பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த மூவரும் இறந்தார்கள். குக்ரியைப் பற்றிப் பேசும்போது இந்த மூவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தேடலுக்குக் கப்பல்கள் தேவைப்பட்டதால், கராச்சி மீது திட்டமிட்டிருந்த மூன்றாவது ஏவுகணைத் தாக்குதலும் கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி, எதிரியின் போர்க்கப்பலை மூழ்கடித்தது குக்ரி விஷயத்தில்தான் முதல் முறை. அடுத்தது 1982 ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் கான்கரர், அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோவை மூழ்கடித்தபோதுதான். தஸ்னீம் பின்னாளில் வைஸ் அட்மிரலாக உயர்ந்தார். பாகிஸ்தான் கடற்படை டிசம்பர் 9-ஐ ஹங்கோர் தினமாக அனுசரிக்கிறது. அந்த நீர்மூழ்கி இப்போது கராச்சியில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

காஸி நீர்மூழ்கிச் சம்பவமும் இதுவும் ஒன்றா?

இல்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காஸியும் பாகிஸ்தான் நீர்மூழ்கிதான், ஆனால் அது மூழ்கியது வங்கக்கடலில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே, டிசம்பர் 3-4 இரவில். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தது அது. விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினம் பக்கம் இருப்பது போல ஏமாற்றியவர் அன்றைய கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். குக்ரி மூழ்கியது மேற்கே, அரபிக்கடலில், டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைல் தள்ளி.

முல்லாவுக்கு என்ன விருது கிடைத்தது? பரம்வீர் சக்ரா ஏன் இல்லை?

மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா. போர்க்கள வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருது. பரம்வீர் சக்ரா இதுவரை கடற்படையைச் சேர்ந்த யாருக்கும் கிடைக்கவில்லை. 21 பேரில் 20 பேர் தரைப்படை, ஒருவர் விமானப்படை. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்தவர் என்ற அளவுகோலில் முல்லா அந்த உயர்ந்த விருதுக்கும் தகுதியானவர்தான் என்பது என் கருத்து. கடற்படையில் இருந்த பலரும் இதைச் சொல்வார்கள்.

1971 போரில் மகாவீர் சக்ரா பெற்ற கடற்படையினரில் கமாண்டர் கே.பி. கோபால் ராவும் ஒருவர். கராச்சித் தாக்குதலில் ஐ.என்.எஸ். கில்டனுக்குத் தலைமை தாங்கியவர். மதுரையில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து 2021-ல் மறைந்தார். தமிழ்நாட்டு மாணவர்கள் முல்லாவோடு சேர்த்து இவரையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முல்லாவின் குடும்பம்?

மனைவியும் இரண்டு மகள்களும். அவர்களுடைய துயரத்தை இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை.

நினைவுச் சின்னம் எங்கே இருக்கிறது?

டையூவில், சக்ரதீர்த்தக் கடற்கரையை ஒட்டிய மேட்டில். குக்ரியின் மாதிரி உருவத்தைக் கண்ணாடிக்குள் வைத்து, கடலைப் பார்த்தபடி அமைத்திருக்கிறார்கள். 1999 டிசம்பரில் திறந்தார்கள். 2000-ல் இந்திய அஞ்சல் துறை முல்லாவின் தபால் தலையை வெளியிட்டது. மும்பை கொலாபாவில் கடற்படைக் குடியிருப்புப் பகுதியில் அவர் பெயரில் ஓர் அரங்கமும் உண்டு.

டையூவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குஜராத்தில் சோமநாதர் கோயில் வரை போகிற நம் ஊர் யாத்ரிகர்களுக்கு டையூ அதிக தூரம் இல்லை. உனா ஊர் வழியாகச் சாலையில் போய்விடலாம். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நினைவிடத்தைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

குக்ரி என்ற பெயரில் இப்போது கப்பல் இருக்கிறதா?

மூழ்கிய கப்பலின் பெயரை 1989-ல் கடற்படையில் சேர்ந்த புதிய கார்வெட் (ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல்) ஒன்றுக்குச் சூட்டினார்கள். உள்நாட்டிலேயே கட்டிய கப்பல், அந்த ரகத்துக்கே குக்ரி ரகம் என்று பெயர். அது 32 ஆண்டுகள் சேவை செய்து 2021 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. 2022 ஜனவரியில் அதை டையூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள், அருங்காட்சியகமாகப் பார்வைக்கு வைப்பதற்காக. அதே ரகத்தில் கிர்பான் என்ற பெயர் தாங்கிய இரண்டாவது கப்பலை 2023-ல் இந்தியா வியட்நாம் கடற்படைக்குப் பரிசாகக் கொடுத்தது.